செனோபியா அத்தை கழற்றாத முகமூடி

என் தம்பி டெல்பினோ ஆடினால் மண் தெறிக்காது. மற்றவர்கள் ஆடிய முற்றத்தை மறுநாள் பெருக்கிச் சமன் செய்ய வேண்டும். அவன் ஆடிய இடத்தில் குதிகால் தடம் மட்டும் வரிசையாகப் பதிந்திருக்கும், தையல் போட்டதுபோல. அக்கா என்பதால் சொல்லவில்லை. எங்கள் ஊர் எல் சபோதேயில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவள். துணி தைப்பேன். அவன் எட்டு வரை படித்தான். தண்ணீர் மோட்டார், படகு என்ஜின் எதுவானாலும் காதைச் சாய்த்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். டாம்பிகோ துறைமுகத்தில் ஒரு படகுப் பட்டறைக்காரர் அவனை நிரந்தரமாக வேலைக்குக் கூப்பிட்டார். அங்கேதான் மீன் சோற்றுக்கடை நடத்தும் ஒதிலியாவைப் பார்த்தான். கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட வேண்டியவன். முடியவில்லை. அந்த முகமூடியிலிருந்து அவனை யாரும் விடுவிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், அக்டோபர் கடைசியில் தொடங்கும் ஷந்தோலோ நாட்களில் செத்தவர்கள் வீடு திரும்புவார்கள். முகமூடிக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் படையலுக்கு முன்னால் ஆடுவார்கள். முகமூடி போட்டவன் செத்தவர்களுக்கு உடம்பை இரவல் கொடுக்கிறான். அந்த நாட்களில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவனும் சொந்தக் குரலில் பேசக் கூடாது, கீச்சுக் குரலில்தான் பேச வேண்டும். ஒருமுறை மாட்டினால் ஏழு வருஷம் ஆடியாக வேண்டும். ஏழாம் வருஷம், நவம்பர் கடைசியில் வரும் புனித அந்திரேஸ் திருநாளில், அந்த முகமூடிக்கென்று உள்ள ஞானத்தாயோ ஞானத்தந்தையோ தன் கையால் அதைக் கழற்றி, வேர்த்த முகத்தைத் துடைத்து, அவனுடைய சொந்தப் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். மற்ற வருஷங்களில் ஆட்டத் தலைவரே எடுத்து வைப்பார், அது விடுதலை ஆகாது. ஏழு முடியும்வரை அவன் பாதி அந்தப் பக்கத்து ஆள். அப்படிப்பட்டவனின் கல்யாணத்துக்குச் சாட்சி நிற்க எங்கள் ஊரில் யாரும் வரமாட்டார்கள்.

டெல்பினோவின் முகமூடி அவனுடையது அல்ல. செனோபியா அத்தையின் ஒரே மகன் திரான்சிதோவுடையது. அவன் மூன்று வருஷம் ஆடியிருந்தான். கரும்பு லாரி கவிழ்ந்து இறந்தான். மீதி நான்கு வருஷத்தை யாராவது ஆடித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் செத்தவனுக்கு நிம்மதி இல்லை என்றார் ஆட்டத் தலைவர் அபுந்தியோ மாமா. ஊர் இளைஞர்களை முற்றத்தில் நிற்க வைத்தார். திரான்சிதோவின் வேஷம் பிள்ளைத்தாச்சிக் கிழவி. பூப்போட்ட பாவாடை, வயிற்றுக்குக் கந்தல் மூட்டை, நாரில் பின்னிய இரட்டைச் சடை, பல்லைக் காட்டிச் சிரிக்கும் மர முகம். பாவாடை யாருக்குச் சரியாக இருக்கிறது என்று பார்த்தார்கள். டெல்பினோவுக்கு விளிம்பைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அளந்தவள் நான்தான்.

நான்கு வருஷம் குறையில்லாமல் ஆடினான். அந்த முகமூடிக்கு ஞானத்தாய் செனோபியா அத்தை. அவள்தான் கழற்றி விடுவிக்க வேண்டும், வேறு கைக்கு உரிமை இல்லை. கழற்ற வேண்டிய நாளில் அவள் அழுதாள். இன்னும் ஒரே ஒரு வருஷம், மகன் வாசலுக்கு வருவதை இன்னும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? அபுந்தியோ மாமா அந்த வருஷத்துக்கு மட்டும் முகமூடியை எடுத்துச் சாம்பிராணி காட்டி உறியில் ஏற்றினார். அடுத்த வருஷமும் அத்தை அதையே சொன்னாள். அதற்கடுத்த வருஷம் அழக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் டெல்பினோ பட்டறையில் சொல்லிவிட்டு வருவான். வராமல் இருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு தடவை அப்படி நினைத்து பஸ் ஏறாமல் இருந்தான். அன்றைக்கே காய்ச்சல். பயத்தால் வந்த காய்ச்சல்தான் என்று அவனே சொன்னான். ஆனால் காய்ச்சல் காய்ச்சல்தானே, வந்துவிட்டான். வருஷா வருஷம் ஒரு மாதம் காணாமல் போகிறவனைப் பட்டறைக்காரர் நிரந்தரமாக்கவில்லை. ஒதிலியாவின் கல்யாண உடையை நான் இரண்டு தடவை அளவு மாற்றித் தைத்தேன். இரண்டாம் தடவை அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “அண்ணி, இந்த வருஷம் கழட்டலைன்னா இந்த உடுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் கோவத்துல சொல்லலை” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

முகமூடியின் நாடாவை மாற்றும்போது ஒருமுறை அதை என் முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கண் துளை வழியாக என் கால் கட்டைவிரல் மட்டும்தான் தெரிந்தது. விட்ட மூச்சே திரும்பி வந்தது, பழைய சாராய வாசத்தோடு. உடனே எடுத்துவிட்டேன். அவன் அதற்குள் நாள் முழுக்க இருந்தான்.

அந்த வருஷம், கழற்றும் நாளுக்கு முந்திய மாலை, அபுந்தியோ மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. திரான்சிதோ தன் அம்மாவைக் “கிழவி” என்றுதான் கூப்பிடுவான், செல்லமாக. நாளைக்கு முகமூடிக்குள்ளிருந்து, “கிழவி, எனக்கு அசதியா இருக்கு, போக விடு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் உடனே கழற்றிவிடுவாள் என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மகன் கேட்டதாக அவளும் ஆறுதல் அடைவாள், இவனும் தப்பிப்பான். நானும் சேர்ந்து வற்புறுத்தினேன்.

டெல்பினோ என்ஜின் எண்ணெய் அப்பிய நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“அவன் காலுக்கு என் காலைக் குடுத்தேன் மாமா. அவன் வாயில என் வார்த்தையை வெக்க மாட்டேன்.”

“அப்ப ஆயுசுக்கும் வயித்துல மூட்டையைக் கட்டிக்கிட்டு ஆடு” என்று மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் தம்பிமேல் ஆத்திரமாக இருந்தது. அன்று அவனோடு பேசாமலே இருந்தேன்.

கழற்றும் சடங்கு செனோபியா அத்தையின் முற்றத்தில்தான் நடக்கும், ஊரில் பெரிய முற்றம் அது. மறுநாள் வெயில் சாய்வதற்குள் எல்லோரும் கூடிவிட்டோம். அந்த வருஷம் ஏழு முடிந்த மற்றவர்களின் ஞானத்தாய்மார்கள் புதுத் துண்டுகளை மடித்துத் தோளில் போட்டிருந்தார்கள். செனோபியா அத்தையின் கையில் எதுவும் இல்லை. இந்த வருஷமும் கழற்றப் போவதில்லை என்று புரிந்துகொண்டேன். காலையில் முகமூடியின் நாடாவை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டியவள் நான்.

கடைசி ஆட்டம் முடிந்தது. வரிசையில் முதலில் கிழவி, கடைசியில் சாத்தான். அந்த வரிசைப்படிதான் கழற்ற வேண்டும்.

“செனோபியா, நேரமாச்சு. கிழவியை முதல்ல அவுத்து விடு” என்றார் மாமா.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள் அத்தை.

அப்போது டெல்பினோ பேசினான். கீச்சுக் குரலில் அல்ல, அவன் குரலில்.

“அத்தை, நான் டெல்பினோ.”

வயலின்காரர் வில்லை இறக்கிவிட்டார். முகமூடிக்குள்ளிருந்து ஒருவன் தன் பெயரைத் தானே சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. என் பக்கத்தில் நின்றவள் சிலுவைக் குறி போட்டாள். அத்தை மட்டும் அசையவில்லை.

“தெரியாமலா இருக்கேன்? என் மகன் ஆடினா இப்படியா ஆடுவான்? அவன் காலு ரெண்டும் ஒண்ணையொண்ணு திட்டிக்கிட்டே வரும். முதல் வருஷமே தெரியும்டா.”

“அப்ப ஏன் அத்தை என்னைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?”

“அவனா இருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன். செத்தவங்களைப் பிடிச்சு வெக்கறது பாவம். உயிரோட இருக்கறவனைப் பிடிச்சு வெச்சா யாரு கேக்கப் போறாங்க? வருஷத்துக்கு ஒருதரமாவது என் வாசல்ல ஒருத்தன் வந்து நிப்பான்ல.”

மாமா வழக்கம்போல அந்த வருஷத்துக்கு மட்டும் முகமூடியை எடுத்து வைக்கக் கை நீட்டினார்.

டெல்பினோ அவர் கையை விலக்கிவிட்டு, சமையலறை வாசலில் கிடந்த பெஞ்சுக்குப் போனான். பாவாடையை ஒதுக்கி, கந்தல் வயிற்றை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அப்ப நான் இங்கயே இருக்கேன். அடுத்த வருஷம் வரைக்கும்.”

வரிசை அப்படியே நின்றது. முதல் ஆளைக் கழற்றாமல் இரண்டாம் ஆளைக் கழற்ற முடியாது. பத்துப் பதினைந்து பேர் முகமூடிக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார்கள். வாத்தியக்காரர்கள் இருட்டுவதற்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர்கள், அவர்களாலும் நகர முடியவில்லை. மாமா தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாத்தான் வேஷக்காரன் சோன் கீச்சுக் குரலில், “மாமா, இவ எப்ப புள்ளையைப் பெத்து எப்ப எந்திரிக்கறது? எனக்கு ஒண்ணுக்கு முட்டுது” என்றான். சிலர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். பாத்திர மூடிகள் மோதுகிற சத்தம் கேட்டது.

அடுப்பில் ‘சகாவில்’ என்கிற பலகாரம் வெந்திருந்தது, வாழையிலையில் ஆள் நீளத்துக்குச் சுற்றிச் சுட்ட சோளமாவும் பன்றிக்கறியும். அத்தை அதைத் தட்டுகளில் வைத்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தாள். வாத்தியக்காரர்களுக்கு, ஞானத்தாய்மார்களுக்கு, எனக்கு. ஒவ்வொரு தட்டோடும் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் பார்க்காமல் போனாள். அப்புறம் பார்த்துக்கொண்டே போனாள். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, தட்டைக் கையில் வைத்திருந்தோம்.

கடைசியில் ஒரு தட்டு அவள் கையில் மிஞ்சியது. பெஞ்சின் முன்னால் நின்றாள். அதை டெல்பினோவின் மடியில், அந்தக் கந்தல் வயிற்றோடு ஒட்டி வைத்தாள்.

“சாப்பிடு.”

“எப்படி அத்தை?”

தட்டிலிருந்து எழுந்த ஆவி மர முகத்தின் வாய்க்குள் போய்க் கண் துளை வழியாக வெளியே வந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் போன நாளிலிருந்து அவள் தன் வாசலில் எத்தனையோ பேருக்குத் தட்டு கொடுத்திருப்பாள். வாங்கியவன் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவன் பின்னால் போனாள். முடிச்சைத் தேடினாள். நான் கட்டிய இரட்டை முடிச்சு, வேர்வையில் ஊறி இறுகியிருந்தது. போய் உதவத் துடித்தேன், ஆனால் அவள் கைதான் அவிழ்க்க வேண்டும். குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். முகமூடி கழன்றது.

முகம் ஊறிப்போய்ச் சிவந்திருந்தது. நெற்றியில் மரத்தின் விளிம்பு பதிந்த கோடு. துண்டு இல்லை, மேலங்கியின் ஓரத்தால் துடைத்தாள், மூக்கின் பக்கமெல்லாம் சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

“டெல்பினோ” என்றாள். ஊர் கேட்கச் சொன்னாள். “டெல்பினோ.” மூன்றாவது தடவை குரல் இறங்கிவிட்டது, பெஞ்சுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. “டெல்பினோ, ஆறிப்போகுது, சாப்பிடு.”

அவன் சாப்பிட்டான். தலை நிமிராமல், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன்போல. மற்றவர்களைக் கழற்றும் வேலை சட்டென்று தொடங்கியது. சோன், மாமா தன் முகமூடியை எடுத்து முடிப்பதற்குள் கரும்புக் காட்டுக்குள் ஓடினான்.

அபுந்தியோ மாமா முகமூடிக்காகக் கை நீட்டினார். அத்தை அதை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் வந்து கேளு.”

டெல்பினோ அந்த வாரமே டாம்பிகோ போனான். ஒதிலியாவின் கல்யாண உடையை மூன்றாம் தடவை அளவு மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது அந்தப் பட்டறையில் அவனுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

அடுத்த ஷந்தோலோவுக்கு அவன் வரவில்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை. அத்தை முகமூடியைக் கொடுக்கவில்லை, அதனால் கிழவி இல்லாமலே ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அத்தையின் முற்றத்தில் வரிசையின் முன்னால் கிழவிக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டு ஆடினார்கள். அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தட்டு கொடுத்தாள்.

மறுநாள் போனில் இதையெல்லாம் டெல்பினோவிடம் சொன்னேன்.

“கிழவி திரும்பற இடத்துல சோன் நின்னு வழி விட்டானா?” என்று கேட்டான்.

“விடலை. பக்கத்துல ஆடினவன்மேல முட்டிக்கிட்டான்.”

“அங்க ரெண்டு எட்டு பின்னால வைக்கணும். நான் எத்தனை தரம் சொல்லியிருக்கேன் அவன்கிட்ட.”

பிறகு போனை எங்கோ வைத்துவிட்டான். சிமெண்ட் தரையில் குதிகால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஒதிலியாவின் குரல், யாருக்கு ஆடிக்கிட்டு இருக்கீங்க என்று. சத்தம் நிற்கவில்லை.