தம்பிக்கு வேண்டாத சீட்டு

வாசலில் காயப்போட்டிருந்த உப்புக் கோணிகளைப் பார்த்ததும்தான் அந்த யோசனை வந்தது. மடித்து அடியில் போட்டு உட்கார்ந்தால் என்ன? பாவாடை மறைத்துவிடும்.

முந்தின நாள் நடந்ததைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். இரண்டாயிரத்து ஐந்து, மே மாத லீவு. கனடாவிலிருந்து சித்தி தன் மகனோடு மரக்காணத்துக்கு வந்திருந்தாள். பாண்டிச்சேரி போக வாடகைக் கார் வந்தது. சித்தி முதலில் தேடியது பின்சீட்டு பெல்ட்டைத்தான். டிரைவர் அண்ணன் அதை சீட் கவருக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார். "இதெல்லாம் யாரு மேடம் கேக்கறாங்க" என்றபடி தையலைப் பிரித்து வெளியே இழுத்துவிட்டார்.

அடுத்து, பெட்டியிலிருந்து ஒரு சீட்டு வெளியே வந்தது. முதுகு கிடையாது, வெறும் மேடை. சின்னப் பிள்ளைகளுக்கு பெல்ட் கழுத்தில் ஏறாமலிருக்க அடியில் போட்டு உயர்த்துவதாம். தம்பிக்காக விமானம் ஏறி வந்த சாமான். அவனுக்கு எட்டு வயசு, எனக்குப் பத்து. ஆனால் அவன் என்னைவிட ஒரு தலை உயரம். சித்தி அவனை வெறும் சீட்டில் சாய்த்து உட்காரவைத்துப் பார்த்தாள். முழங்கால் விளிம்பில் மடிந்தது, பாதம் தரையில் பட்டது, பெல்ட் தோளில் கிடந்தது.

"உனக்கு இனிமே இது வேணாம்டா."

அடுத்து நான். கால் அந்தரத்தில் தொங்கியது, பெல்ட் கழுத்தை அறுத்தது.

"நீ இதுல உக்காருடி. வயசப் பாக்கக் கூடாது, உயரத்தப் பாக்கணும்."

ஐந்தாம் வகுப்பு முடித்தவள் நான். அப்பா லோடு ஏற்றும் லாரியில், உப்பு மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்து திண்டிவனம் வரைக்கும் போய்வந்தவள். எனக்கு, எட்டு வயசுப் பையன் வேண்டாமென்று விட்ட சீட்டு!

"அக்கா, அது என்னோட பேபி சீட்டு" என்று தம்பி வழியெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தான். உப்பளத்தைத் தாண்டும்போது வரப்பில் நின்ற என் வகுப்புப் பெண்கள் கையாட்டினார்கள். நான் குனிந்துகொண்டேன். அன்றைக்கு பாண்டிச்சேரியில் கடலைப் பார்த்ததாகவே நினைவில்லை. ஐஸ்கிரீமைக்கூட முறைத்துக்கொண்டே தின்றேன்.

மறுநாள் பாண்டிச்சேரிப் பக்கம் இரும்பை என்ற ஊரின் கோயிலுக்குப் புறப்பாடு. எல்லோருக்கும் முன்னால் ஏறி, இரண்டு கோணிகளை மடித்துப் போட்டு, பாவாடையைப் பரப்பி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினேன். தோளில் கச்சிதமாக விழுந்தது.

"பாருங்க சித்தி. எனக்கும் வேணாம்."

சித்தி பெல்ட்டைப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். "என்னடி, நேத்தைக்கு இன்னிக்கு கால் இன்னும் மேல தொங்குது?"

பாவாடை தூக்கப்பட்டது. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். "அந்த சீட்டு வேணாம்னு, அத விட உசரமா பாப்பா ஒண்ணு கட்டி வச்சிருக்குது மேடம்."

சித்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கோணிகளை உருவி வெளியே போட்டாள். "பிரேக் போட்டா கோணி நழுவும்டி. நீயும் அதோட போயிடுவ." மறுபடி அதே சீட்டு. பெல்ட்டை இடுப்பில் இறக்கிவிட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று எனக்கு விளங்கவேயில்லை. இரும்பை போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். கடைசியில் என் தப்பு எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது. இரண்டு கோணி அதிகம். நாளைக்கு ஒன்று போதும். கால் தரையைத் தொட, சித்தியின் ஹைஹீல்ஸ்.