மண்டித் தெருவுக்கு வந்த நாடகக்காரர்கள்

சவுரியம்மாள் கடைக்கு இட்லி சாப்பிடப் போகிறவன் வயிற்றோடு வாயையும் தயார் செய்துகொண்டு போக வேண்டும். எந்த ஊர், எதற்கு வந்தாய், மாட்டை ஏன் விற்றாய், வாங்கினவன் எப்படிப்பட்ட ஆள் என்று, இட்லி வெந்து இறங்குவதற்குள் குடைந்து எடுத்துவிடுவாள். வம்பு பேசுவதற்காக அல்ல. தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும், அவ்வளவுதான். புருஷன் செத்த பிறகு அந்தக் கடையும் மகள் இருதயசெல்வியும்தான் அவளுக்கு உலகம்.

கடை திண்டிவனத்தில் மண்டித் தெருவில் இருந்தது. லாரி வந்து திரும்ப வசதியாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிகள் பெரிய ரோட்டுக்குப் போனதும் தெரு படுத்துவிட்டது. பஸ்களும் ரோட்டோடு நின்று ரோட்டோடு போயின. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் பாதிக் கடைகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தன. சவுரியம்மாள் ஊற்றுகிற இட்லியைத் தாயும் மகளுமே தின்று தீர்க்க வேண்டியிருந்தது. விழுப்புரத்தில் மகளுக்கு ஒரு ரயில்வே மாப்பிள்ளை பேசி முடித்திருந்தாள். பையனை இருதயசெல்விக்கும் பிடித்துப்போயிருந்தது. கடை போய்விட்டால் அந்தக் கல்யாணத்தை எதை வைத்து நடத்துவது?

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவள் பெரிய ரோட்டுக்குப் போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, பஸ்ஸை விட்டு இறங்குகிற ஜனங்களை வேடிக்கை பார்த்தாள். தெரு கூப்பிடு தூரம்தான். ஒருவராவது திரும்ப வேண்டுமே! ஒலக்கூர்க்காரர் ஒருவரை மடக்கிக் கேட்டாள்.

“ஏங்க, மண்டித் தெரு பக்கமே வர்றதில்லையே, ஏன்?”

“அங்க என்னாம்மா இருக்குது பாக்கறதுக்கு?”

வாங்குவதற்கு என்ன இருக்கிறது என்று அந்த மனுஷர் கேட்கவில்லை என்பது சவுரியம்மாளுக்குச் சுருக்கென்று பட்டது. வேட்டியும் வளையலும் எங்கேயும் கிடைக்கும். ஜனங்களுக்குக் கண்ணுக்கு ஏதாவது வேண்டும். பார்க்க வருகிறவன் பசித்தால் சாப்பிடுவான், பெண்டாட்டி கூட வந்தால் பூவும் வாங்குவான். யோசிக்க யோசிக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விழுப்புரத்தில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு மறுநாளே ரயிலேறினாள். கம்பெனிக்காரர் நடராசன் மகாராணி வேஷம் கட்டுகிறவர். அவள் போனபோது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூரைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். மண்டித் தெருவில் வந்து ஆடச் சொல்லிக் கேட்டாள்.

“ஆடறதுக்கு எடம் எங்கயும் கெடைக்கும்மா. தங்க வூடு குடுப்பாங்களா? இங்க மழையில கொட்டாயிலயேதான் படுத்துக்கினு இருக்கறோம். கொழந்தைக்குக் காய்ச்சல் வுடவே இல்ல.”

“வூடு குடுக்காம என்னா? நானாச்சு” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

துணிக்கடை பச்சைமுத்து, சும்மா கிடந்த தன் மல்லாட்டைக் களத்தைக் கொட்டகைக்கு விட உடனே சம்மதித்தார். பூட்டிக் கிடந்த வீட்டையும் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

“நாடகம் ஆடட்டும் சவுரிம்மா, மொத ஆளா வந்து குந்தறேன். அதுக்காவ கூத்தாடிங்கள வூட்ல கொண்டாந்து வெக்கறதா?”

“பாக்கறதுக்கு ஆவும், பக்கத்துல இருக்கறதுக்கு ஆவாதா? அது ஏன்?”

“அது அப்படித்தான்.”

தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் நாடகத்துக்குச் சரி என்றார்கள், வீட்டுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். காரணம் மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கடைசியில் தன் வீட்டுப் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தாள்.

நாடகம் வந்தது. பொழுது சாய்ந்தால் ஓமந்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர்களெல்லாம் தெருமுனையில் வந்து மாட்டை அவிழ்த்துப் போட்டார்கள். வறுத்த மல்லாட்டை, வளையல், பூ, வெற்றிலை என்று ஒவ்வொன்றாக முளைத்தது. பூட்டுத் துருப்பிடித்த கடைகளை எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். சவுரியம்மாளுக்கு இட்லிப் பானையை இறக்க நேரமில்லை. பச்சைமுத்து ஏதோ தன் யோசனை மாதிரி மார்தட்டிக்கொண்டு திரிந்தார். திரியட்டும், மனுஷனுக்கு அதுவும் வேண்டித்தானே இருக்கிறது!

சவுரியம்மாளுக்கு நாடகத்தைவிட நாடகக்காரர்கள்தான் வேடிக்கை. மேடையில் மூன்று உலகத்தையும் மிரட்டுகிற அசுரன் பல்லியைக் கண்டால் அலறினான். ராத்திரியெல்லாம் மகாராணியாக அழுத நடராசன், காலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினார். அழுகை நிஜமா, எதை நினைத்து அழுவீங்க என்று அவரையும் குடைந்தாள். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

சேதி விழுப்புரத்துக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு நாள் காலை மாப்பிள்ளையின் அம்மா லூர்தம்மாள் வந்து இறங்கினாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“கூத்தாடிங்கள வூட்ல வெச்சிக்கினு எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுப்பீங்களா சம்பந்தியம்மா? நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?”

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று பின்கட்டு வரைக்கும் போய்விட்டாள். அங்கே நடராசன் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிலைப்படியோரம் ஒரு பலகையில் நாலைந்து அலுமினிய டம்ளர்கள் தனியாகக் கவிழ்ந்து கிடந்தன.

“இது யாருக்கு?”

“அவங்களுக்குத்தான்” என்றாள் சவுரியம்மாள்.

லூர்தம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. “அதானே பாத்தேன்! தனியாத்தான் வெச்சிருக்கீங்க. நம்ம மரியாதைய நாம வுட்டுக்குடுக்கலையே. அப்பறம் என்னா பேஜாரு? தை மாசமே வெச்சிக்கலாம்.”

சவுரியம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. மகள் கல்யாணம் பிழைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பியவள் கண்ணில் நடராசன் பட்டார். அவர் குனிந்த தலை நிமிராமல், கல்லே இல்லாத அரிசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டம்ளர்களை முதல் நாளே வாங்கி வைத்தவள் அவள்தான். யாரும் சொல்லி வைக்கவில்லை, யோசித்தும் வைக்கவில்லை. கை தன் பாட்டுக்கு வைத்தது. ஊரையே ஏன் ஏன் என்று கேட்டவள் அன்றைக்குத்தான் தன்னைக் கேட்டாள். அது அப்படித்தான் என்று பச்சைமுத்து சொன்னதற்கு மேல் அவளுக்கும் ஒரு பதில் தெரியவில்லை. கூசிப்போனாள்.

இருதயசெல்வி சம்பந்திக்காகக் காப்பிச் சொம்போடு வந்து நின்றாள். சவுரியம்மாள் அதை வாங்கி, பலகையில் இருந்த ஒரு டம்ளரை எடுத்து ஊற்றி, வாய் வைத்து உறிஞ்சிக் குடித்தாள்.

லூர்தம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

சவுரியம்மாளுக்கு மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளைக் கேட்காமலேயே அவள் கல்யாணத்தைக் கெடுத்தாகிவிட்டது.

“யம்மா” என்றாள் இருதயசெல்வி. கண் கலங்கித்தான் இருந்தது. “அதுல எனக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கியா?”