புருவம் கேட்காத பெருமாள்

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம்தான் மார்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. சென்னையில் அறுத்து எடுத்தார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது முறை ஏற்றிக்கொண்டு வந்த பின், குளிக்கும்போது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அரைகுறையாக நின்றதைப் பார்க்கச் சகிக்காமல், முடி வெட்டுபவரை வீட்டுக்கே வரவழைத்து மொத்தமாக எடுத்துவிட்டேன். அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. எத்தனையோ முரட்டுப் பிள்ளைகளை அடக்கியவளுக்கு ஒரு சுண்டைக்காய்க் கட்டியா சட்டம் போடுவது?

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஒரே மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். இது கோயில் ஊர். மொட்டைத் தலையைக் கண்டால் இங்கே யாரும் நோயை நினைக்கமாட்டார்கள், என்ன வேண்டுதல் என்றுதான் கேட்பார்கள். என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பதினு சொல்லிடலாம். கேன்சர்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் வரும்னு பயந்துக்குவாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் நீ கொஞ்சம் கம்மியா பேசு."

கம்மியாகப் பேசுவது எனக்கு வராத கலை. இருந்தும் மகளுக்காகத் தலையாட்டினேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, போகாத யாத்திரையின் புண்ணியத்தோடு வேங்கிக்கால் தெருவில் நடமாடினேன். புருவமும் உதிர்ந்திருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று, மகளே கண்மையால் எனக்கு இரண்டு புருவம் வரைந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாகத்தான் பேசினார். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"திருப்பதி போய்ட்டு வந்தீங்களாமே. லட்டு எங்கங்க?"

எங்கள் மூன்று பேருக்குமே அது தோன்றவில்லை. திருப்பதி போய் வந்த வீடு, அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு துண்டாவது பிட்டுக் கொடுக்காமல் இருக்குமா? "தீந்துடுச்சுங்க" என்று என் கணவர் வழிந்தார். சித்திரை வெயில் வேறு, கரண்ட் போய் விசிறி நின்றிருந்தது. வியர்வையில் என் வலது புருவம் கரைந்து கன்னத்தில் இறங்கியது. அந்த அம்மா உற்றுப் பார்த்தார்.

"தலைமுடி குடுத்தீங்க, சரிங்க. பெருமாள் புருவத்தையுமா கேட்டாரு?"

என் கணவர் கண்ணால் ஜாடை காட்டினார். நான் முந்தானையால் இரண்டு புருவத்தையும் அழுத்தித் துடைத்தேன்.

"பெருமாள் எதையும் கேக்கலீங்க. நான் திருப்பதிக்குப் போகவே இல்ல. எனக்குக் கேன்சர். மருந்து ஏத்தினதுல முடி போச்சு."

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

"ஒரு நாள் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியாதாம்மா?" என்று மகள் அழுதாள். அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்ற உறுத்தல் எனக்கும் இருந்தது. ஆனால் நோய் வந்ததற்காக நான் ஏன் திருடி மாதிரி ஒளிய வேண்டும் என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாளே சந்தனத்தை நிறுத்தினேன். கேட்டவர்களுக்கெல்லாம் நோயின் பெயரைச் சொன்னேன். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தெருவில் சிலர் எங்கள் வீட்டில் காபி குடிப்பதை விட்டுவிட்டார்கள். போகட்டும், எனக்கு வேலை மிச்சம்.

மருந்தெல்லாம் முடிந்து, தலையில் முள் முள்ளாக முடி முளைத்திருந்தபோது அடுத்த வரன் வந்தது. புருவம் இன்னும் சரியாக வரவில்லை. வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நானே மைச் சிமிழை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன்.

"வரைஞ்சு விடு. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கல."

அவள் சிமிழை வாங்கித் தன் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டாள். பிறகு காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"எங்க அம்மாவுக்குக் கேன்சர் வந்து இப்பதான் வைத்தியம் முடிஞ்சுதுங்க. எனக்கும் வருமானு கேட்டா தெரியாது. பயமா இருந்தா காபி குடிச்சிட்டு இப்பவே சொல்லிடுங்க."

என் கணவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பையனின் அப்பா காபியை நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"சர்க்கரை கம்மியா இன்னொரு காபி கெடைக்குமாம்மா?"

டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நோய் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அழுதேன்.