மாப்புழு தின்ற கோழியின் முட்டை

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. கடலில் வள்ளம் ஓட்டுகிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். கடலில் எனக்குப் பயமில்லை. என் பயமெல்லாம் வீட்டுக்குள்தான்.

மன்னார்த் தீவில் கோழிக்கு மலிவான தீனி மீன் குடலும் கருவாட்டுத் தூளும்தான். எங்கள் கோழிகளும் அதைத் தின்றே வளர்ந்தன. முட்டையை உடைத்தால் மீன் வெடுக்கு மணம் மூக்கைப் பிடுங்கும். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவளுக்காகத்தான் கோழிக்குப் போட மாப்புழு வளர்க்கத் தொடங்கினேன். யூடியூபில் பார்த்துப் படித்த வித்தை. அகலமான பேசினில் தவிட்டைக் கொட்டிப் புழுக்களை விட்டு, ஈரத்துக்குப் பூசணித் துண்டு வைத்தால் போதும். தின்று கொழுத்து, கறுத்த வண்டாகி, முட்டையிட்டுத் திரும்பவும் புழுவாகப் பெருகும். எறும்பு ஏறாமலிருக்க பேசின் வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகர ரின்களுக்குள் வைத்தேன்.

“மனிசர் இருக்கிற வீட்டுக்குள்ள புழு வளக்கிறியள், உங்களுக்கென்ன விசரே?” என்று மனைவி கத்தினாள். முட்டையில் வெடுக்குப் போனதும் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வருசம் மகள் பெரியபிள்ளையானாள். எங்கள் பக்கத்தில் அப்படியான பிள்ளைக்கு விடிய வெறும் வயிற்றில் வீட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடிக்கக் கொடுத்து, பின்னால் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள். தண்ணீர் வார்த்துத் தீட்டுக் கழிக்கும் நாள்வரை அவள் தனியறையில் இருக்கவேண்டும். தகப்பனாக இருந்தாலும் முகம் பார்க்கக் கூடாது. மாதா படத்துக்கு விளக்கேற்றும் வீடுதான், ஆனாலும் இந்த முறைகளை எங்களில் எவரும் விட்டதில்லை. என் புழுக்களால்தான் பிள்ளைக்கு நல்ல முட்டை கிடைக்கிறது என்று எனக்குள் பெருமையோ பெருமை.

அந்தக் கிழமை தவிடு முடிந்துவிட்டது. நானாட்டானில் வயல் செய்யும் அக்காவிடம் கேட்டேன். புழு வளர்க்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, தவிடு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு சாக்கு வந்தது. பேசினில் கொட்டினேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் பாதிப் புழுக்கள் அசைவில்லாமல் கிடந்தன. முதல்நாள் வெயிலின் கொடுமை என்று நினைத்தேன். செத்ததை ஏன் வீணாக்குவான் என்று அரித்தெடுத்துக் கோழிகளுக்குப் போட்டேன்.

மறுநாள் விடிய மனைவி வழக்கம்போல முட்டையையும் எண்ணெயையும் மகளின் அறைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு உளுந்து வாங்கப் பசாருக்குப் புறப்பட்டாள். அதற்குப் பிறகுதான் நான் கோழிகளைப் பார்க்கப் போனேன். முட்டை இட்டுக்கொண்டிருந்த பேடு கழுத்து மடங்கி விழுந்து கிடந்தது. இன்னொன்று கால்களை இழுத்துக்கொண்டு சுற்றியது.

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, அந்தத் தவிட்டில என்ன கிடந்தது?”

“ஏன்ரா தம்பி, நல்ல தவிடுதானே? நெல்லு அறைக்கு வண்டு மருந்து அடிச்சனாங்கள். உனக்கும் வண்டு பிடிச்சாக் கரைச்சல் எண்டு தவிட்டுச் சாக்குக்கும் சேத்து அடிச்சு விட்டனான்.”

வண்டு வளர்க்கிறவனுக்கு வண்டு மருந்து! போனை வைத்துவிட்டேன். மருந்தில் செத்த புழுவைத் தின்ற கோழி, அது இட்ட முட்டை, அதைப் பச்சையாகக் குடித்த பிள்ளை. மகளின் அறை வாசலுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது.

“பிள்ளை, உனக்கு ஏதும் செய்யுதோ?”

“ஒண்டுமில்லை அப்பா.”

“வயிறு நோகுதோ?”

“ஓம். எழும்பினதிலயிருந்து நோகுது.”

அது இந்த நாட்களில் வருகிற நோவா, மருந்து செய்கிற வேலையா? ஒரு தகப்பன் அதைக் கதவுக்கு வெளியில் நின்று எப்படிக் கேட்பான்?

“ஓங்காளிச்சுச் சத்தி எடுக்க வருதோ? தலை சுத்துதோ?”

“இல்லை. ஏன் அப்பா அழுறியள்?”

அழுகிறேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. “முட்டை குடிச்ச பிறகோ நோவு கூடினது?” என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். முறையாவது மண்ணாவது! கதவைத் தள்ளித் திறந்தேன்.

அவள் மூலையில் ஒடுங்கியிருந்து, போர்வையை இழுத்து முகத்தை மூடினாள். “அப்பா, நீங்கள் பாக்கக் கூடாது!”

போர்வையை விலக்கினேன். கண்கள் பயந்துபோயிருந்தன, ஆனால் தெளிவாக இருந்தன. “உண்மையைச் சொல்லு, பிள்ளை. முட்டை குடிச்சனியோ?”

“குடிக்கேல்லை அப்பா. ஒரு நாளும் குடிக்கேல்லை. அம்மா எண்ணெய் எடுக்கத் திரும்பினோடன யன்னலால ஊத்திப்போடுவன். புழு திண்ட கோழியின்ர முட்டையை எப்பிடிப் பச்சையாக் குடிக்கிறது? அம்மாட்டச் சொல்லாதேங்கோ.”

என் அழுகையைப் பார்த்து எனக்காகச் சொல்கிறாளோ என்று சந்தேகம். வீட்டின் பின்பக்கம் ஓடினேன். மாதாவே, என் பிள்ளை தாயை ஏய்த்த பொய்க்காரியாகவே இருக்கட்டும் என்று மன்றாடிக்கொண்டே ஓடினேன்.

யன்னலுக்குக் கீழே மணலில் பழைய மஞ்சள் கரு காய்ந்து அப்பியிருந்தது. அதற்கு மேல், இன்னும் ஈரமாக, அன்று விடிய ஊற்றியது. தொட்டுப் பார்த்தேன். முட்டைதான். அங்கேயே குந்தியிருந்து, அயலட்டை கேட்க அழுதேன்.