கேட் பாஸ் வாங்கிய தோசைக்கல்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் வாங்கிய அன்று, அதை நானே உருக்கி ஊற்றியவன் போல வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி அதன்மேல் ஒரு விரலை ஓட்டினாள். கொத்திய அம்மி மாதிரி சொரசொரவென்று இருந்தது.

“இதுல தோசையா? தேங்கா வேணா துருவலாம்.”

அவளுக்குக் கோபம். பூச்சு உரிந்துபோன நான்ஸ்டிக்கை அவளைக் கேட்காமல் பழைய சாமான்காரரிடம் தூக்கிப் போட்டிருந்தேன். கெடு வைத்தாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம தோச கிழியாம வரணும். வரலைன்னா நான் புது நான்ஸ்டிக் வாங்கிடுவேன். அப்பறம் யோசன சொல்லிக்கினு அடுப்பாண்ட வரவே கூடாது நீங்க.”

அடுப்படியில் யோசனை சொல்வதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. அதையும் பிடுங்கிக்கொண்டால் எங்கே போவேன்?

கல்லை விற்ற அம்மா சொல்லித்தான் அனுப்பினார். மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வை, தினமும் மாற்று. பிறகு எண்ணெய் தடவு, சூடு காட்டு, ஆறவிடு, மறுபடி தடவு. ஒரு வாரம் பொறுமையாக இரு.

பொறுமையோடு எனக்குப் பழக்கம் குறைவு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், உதிரிபாகங்களைத் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் சிவப்புச் சாயம் பூசித் தள்ளிவைக்கிறவன் நான். தோசை ஒட்டுமா? அப்படியானால் வழவழப்புப் போதாது, அவ்வளவுதான். மறுநாள் சாப்பாட்டுப் பைக்குள் உட்கார்ந்து கல்லும் கம்பெனி பஸ் ஏறியது.

கிரைண்டிங் மெஷின் ஓட்டும் நண்பர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏன்யா, வூட்ல சண்டையா?”

சாப்பாட்டு இடைவேளையில் சக்கரம் சுற்றியது. பொறி பறந்தது. கல் நிலா ஆனது. என் மூக்கு அதில் தெரிந்தது.

உள்ளே போகும்போது யாரும் கேட்காத கல்லை, வெளியே வரும்போது வாசலில் செக்யூரிட்டி பிடித்துக்கொண்டார். ஆனேக்கல் பக்கத்துக்காரர், சிரிப்பது கன்னடத்தில், சட்டம் பேசுவது தமிழில்.

“இரும்பு வெளிய போனா கேட் பாஸ் வேணும் சார்.”

“தோசைக்கல்லுங்க இது.”

“யாரு இல்லேன்னு சொன்னா? இரும்புதானே?”

பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னலெல்லாம் தலைகள். சூப்பர்வைசரிடம் ஓடினேன். பொருள்: தோசைக்கல். எண்ணிக்கை: ஒன்று. காரணம் என்ற கட்டத்தில் அவர் சற்று யோசித்து, ‘குடும்பம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் எண்ணெய் தடவினேன். முத்து முத்தாகத் திரண்டு ஓரத்துக்கு ஓடியது. இன்னும் ஊற்றிச் சூடேற்றினேன்; பிசின் மாதிரி படிந்து, துடைத்தால் தோலாக உரிந்தது. வியாழக்கிழமை வார்த்த சோதனைத் தோசை உடும்பாகப் பிடித்துக்கொண்டது.

“மொகம் பாத்து பொட்டு வெச்சிக்கலாம்,” என்றாள் மனைவி.

மறுநாள் நண்பரிடம் புலம்பினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இப்பிடி பளபளன்னு இருந்தா எண்ண எங்கய்யா குந்தும்? புடிச்சி நிக்க கொஞ்சமாச்சும் சொரசொரப்பு வேணாமா?”

“அன்னைக்கே சொல்றதுதானே?”

“நீ குவாலிட்டி ஆளு. உனுக்கு நான் சொல்றதா?”

அன்று மாலை உப்புத்தாளோடு உட்கார்ந்து, மினுக்கியதை நானே கீறினேன். ஊரில் யாருக்கும் வராத வேலை. சனிக்கிழமை முழுக்க அடுப்பு. எண்ணெயைத் தடவி, தடவவே இல்லை என்பது போலத் துடைத்து, புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி. ஆறு சுற்று. வெள்ளியாக இருந்த கல் தேன் நிறத்துக்கு வந்தது, தேனிலிருந்து பழம்புளிக்கு, அங்கிருந்து மெல்ல இருட்டுக்கு.

ஞாயிறு காலை. முதல் தோசை இரண்டாகக் கிழிந்தது. மனைவி இரண்டு துண்டையும் தட்டில் ஒட்டவைத்துப் பார்த்தாள். அது திட்டுவதைவிட மோசம். இரண்டாவதில் ஓரம் எழுந்தது, நடு எழவில்லை. தீயைக் குறைத்தேன். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, காத்திருந்தேன். மூன்றாவது தோசையின் ஓரம் தானாகவே தூக்கியது. தோசைத் திருப்பியை அடியில் விட்டேன். முழுசாக வந்தது.

மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடினாள். இல்லை. பிய்த்துத் தின்றாள்.

“நவுருங்க. கரண்டி புடிக்கவே தெரியல ஒங்களுக்கு.”

அவள் ஐந்து வார்த்தாள். ஒன்றுகூட ஒட்டவில்லை. பிறகு சோப்பு படாமல் கழுவி, ஈரம் போக அடுப்பில் காட்டி, துணியால் எண்ணெய் தடவினாள். நான் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினேன்.

“எண்ண கொஞ்சம் ஜாஸ்தியோ?”

“சொல்லுங்க, சொல்லுங்க,” என்றாள், தடவுகிற கையை நிறுத்தாமல்.