கங்காணியின் 'ஆல்ரெடி'

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பெரியமுத்து கங்காணிக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அதில் 'ஆல்ரெடி' மட்டும் நாள் முழுக்க அவர் வாயில் இருக்கும். மழைத்தண்ணீர் போகக் கான் வெட்டியாயிற்றா என்று துரை கேட்டால், "ஆல்ரெடி தொரை" என்பார். அப்போது மண்வெட்டிகூட வெளியே வந்திருக்காது. துரையின் மோட்டார் சைக்கிள் வளைவைத் தாண்டியதும் ஆட்களை விரட்டிக்கொண்டு ஓடி, பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்துவிடுவார். காலையில் பொய்யாக இருந்தது மாலையில் மெய்யாகிவிடும். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

கொழுந்து எடுக்கும் பெண்கள் அவரைச் சீண்டுவார்கள். அவர் மகளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்காத நாளில், "பேரன் பொறந்தாச்சா கங்காணி?" என்று இருதயம்மாள் கேட்டாள்.

"ஆல்ரெடி. தொட்டில் கட்டத்தான் மரம் தேடுறேன்" என்றார், சிரிக்காமல்.

ஐம்பத்து நான்காம் வருடம் தோட்டத் தொழிலாளி குருசாமி காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி சுருளியம்மாள் கண் மங்கி, கொழுந்து எடுப்பதை முன்பே நிறுத்தியிருந்தாள். வேலைக்கு ஆள் இல்லாத குடும்பம் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். சொந்த ஊரான கம்பத்தில் அவளுக்கு யாரும் மிச்சமில்லை. மழைக்காலம் முடியும்வரை பொறுக்கும்படி துரையிடம் கேட்பதாகக் கங்காணி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்குக் கொடுத்த மறுநாள் காலை ஆட்கள் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது, அவர் பேச்சைத் தொடங்கும் முன்பே துரை கேட்டுவிட்டார்.

"கங்காணி, அந்த வீடு காலி ஆச்சா?"

"ஆல்ரெடி தொரை."

பழக்கத்தில் வந்துவிட்டது. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலையே புது ஆட்களை அதில் குடியேற்றச் சொல்லிவிட்டுத் துரை கிளம்பினார். பின்னால் போய்த் திருத்திச் சொல்லியிருக்கலாம். கங்காணி போகவில்லை. அது பயமா கர்வமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மத்தியானம் சுருளியம்மாளின் பானைகளை அவரே சுமந்து தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் பின்னால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். வாசலில் அவர் மனைவி அழகுத்தாய் நின்றிருந்தாள்.

"தொரைகிட்ட சொல்லிட்டீரு. எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தீரு?"

ஒற்றை அறை வீடு. அதில் ஏற்கெனவே ஐந்து பேர். அழகுத்தாய் பானைகளை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு சுருளியம்மாளின் கையைப் பிடித்து, தலை இடிக்காமல் குனியவைத்து உள்ளே கூட்டிப்போனாள்.

"மதினி, அடுப்புப் பக்கம் படுத்துக்கோங்க. அங்கதான் கதகதப்பா இருக்கும். அவரு வெளிய படுப்பாரு."

அந்த மழைக்காலம் முழுக்கக் கங்காணி வாசல் தாழ்வாரத்தில்தான் படுத்தார்.