நான் கட்டிய பல்

மகளின் கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது என் மனைவியின் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. ஈறில் ரத்தம் கசிவது அதற்கு முன்பே உண்டு. ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படக்கூடாது என்று அவள் விட்டுவிட்டாள். நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

"ஏனுங்க, போட்டோவுல பொக்கை வாயோட நிக்கறதுங்களா?" என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால், "புடுங்கிப்போடுவாங்க. கண்ணாலம் முடியட்டுங்க" என்று ஒரே பிடிவாதம்.

கருமத்தம்பட்டியில் எனக்கு எட்டு விசைத்தறி. அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போட்டுவிடுவேன். அந்தத் திமிர் சும்மா இருக்குமா? பாலியஸ்டர் நூலை எடுத்து, ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அசையாமல் நின்றது. அவள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். தறிக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் ஈறு வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டரம்மா அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆருங்க இதைக் கட்டுனது?" என்றார்.

"நான்தானுங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாகச் சொன்னார். "பல்லைச் சுத்தி அழுக்கு சேர்ந்தா ஈறு உடம்புக்குச் சேதி அனுப்புமுங்க. ரத்தத்துல இருக்கற காவல் அணுக்கள் கிருமியைக் கொல்ல ஓடி வரும். அழுக்கு போகாத வரைக்கும் சேதியும் நிக்காது. அந்தச் சண்டையில பல்லைப் புடிச்சிருக்கற எலும்பும் கரைஞ்சுபோகுமுங்க. நீங்க கட்டுன நூலு ஈறுக்குள்ள இறங்கி, இன்னும் அழுக்கைச் சேர்த்துப்போடுச்சு."

எனக்குப் புரிந்தது. வரப்புத் தகராறு என்றால் நானும் பங்காளிகளுக்கெல்லாம் போன் போடுகிறவன்தான். வந்தவர்கள் என் சோளத்தையே மிதித்து நாசமாக்கியிருக்கிறார்கள்.

"அந்தச் சேதியை நிறுத்த முடியாதுங்களா?"

"சுத்தம் பண்ணுனா அடங்குமுங்க. போன எலும்பு போனதுதானுங்க. இந்த ரெண்டு பல்லையும் எடுக்கோணும்."

ரெண்டா! ஆடியது ஒன்றுதானே! தறியில் இழை அறுந்தால் ஆளைப் பிடித்துக் கத்துவேன். இங்கே யாரைப் பிடித்துக் கத்துவது? காப்பாற்ற வந்த உடம்பே கெடுத்துவிட்டது, அதற்குக் கூட்டு நான்.

ரெண்டையும் எடுத்துவிட்டு, வீக்கம் வற்றாமல் வேறு பல் வைக்க முடியாது என்றுவிட்டார்கள். கல்யாண மேடையில் போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மறுபடியும் சொன்னார்.

"அவிங்களை உடுங்க தம்பி" என்றேன்.

அவள் என் பக்கம் குனிந்து, "நீங்களாச்சும் சிரிங்க. ரெண்டு பேரும் உம்முனு நின்னா புள்ளை என்ன நெனைக்கும்?" என்றாள்.

ஆல்பத்தில் நான் மட்டும் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.